முதல் அத்தியாயத்தில் சாகும் மனைவி

யுத்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு மண்ணெண்ணெய் வருவது நின்றாலும் நாவல் வருவது நிற்கவில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர், கடைத்தெருவில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் அண்ணாச்சியிடம் துப்பறியும் நாவல் ஒன்றும் விஞ்ஞான நாவல் ஒன்றுமாக எடுத்துவருவார். அவர் ஆபீசுக்குப் போனதும் நான் படித்துவிடுவேன். அவர் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோற்றோடு என் அபிப்பிராயமும் பரிமாறப்படும்.

ஒரு நாவலில் கொலைகாரன் தூத்துக்குடிக் கரையிலிருந்து ஒரே தாவாகக் கப்பலுக்குள் தாவிவிட்டான். பட்டணத்தில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான். எங்கள் ஊரில் கப்பல் மைல்கணக்கில் தள்ளி நிற்கும். லாஞ்சிலோ தோணியிலோ ஆடி ஆடித்தான் போய்ச் சேர வேண்டும். அவ்வளவு தூரம் தாவத் தெரிந்தவனுக்குக் கப்பல் எதற்கு? இன்னொன்றில் துப்பறிகிறவர் பேனாக்கத்தியால் ஒரே ஒரு சிப்பியைப் பிளந்தார். உள்ளே கோலிக்குண்டு அளவுக்கு முத்து. நான் சிறுமியாக இருந்தபோது முத்துக்குளிப்பு நடந்தது. குவித்துவைத்த சிப்பி அழுகும் நாற்றம் ஒருநாள் மூக்கில் ஏறியிருந்தால் அந்த ஆள் முத்து என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டார்.

விஞ்ஞான நாவல்கள் அதற்கும் மேல். விஞ்ஞானிக்கு அழகான மகள் இருப்பாள், அவளுக்குத் தாய் இருக்க மாட்டாள். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாது. உருவம் மறையும் மருந்தைக் குடித்தவன் நகைக்கடைக்கு ஓடுவான். ரேஷன் வரிசையில் நின்று பழகிய ஒருத்தி எழுதியிருந்தால் அவன் நேரே சீனி மூட்டைக்குப் போயிருப்பான்.

இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர், ஒருநாள் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவரே எழுதிய நாவல்.

"பட்டணத்துப் பதிப்பாளருக்கு அனுப்பப்போறேன். நீ நல்லாருக்குன்னு சொன்னாத்தான்" என்றார்.

தூத்துக்குடிக்காரன் ஒருவன் சந்திரனுக்குப் போகும் கதை. சும்மா சொல்லக்கூடாது, கப்பல் தள்ளித்தான் நின்றது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் அவன் மனைவி காய்ச்சலில் செத்துப்போனாள். நான்காம் பக்கத்தில் அவன் காப்பி குடித்தான்.

"ஏளா, எப்படி இருக்கு?"

"எல்லாம் சரிதான். இவ எதுக்குச் செத்தா?"

"அவ இருந்தா அவன் எப்படிச் சந்திரனுக்குப் போவான்?"

"கூட்டிட்டுப் போனா என்ன?"

"லாஞ்சில ஏறினாலே அவளுக்கு வாந்தி வருமே!"

கதையில் அந்த மனைவி லாஞ்சில் ஏறவே இல்லை. ஏறியவள் நான்தான், கல்யாணமான புதிதில், கப்பல் காட்டுகிறேன் என்று அவர் கூட்டிப்போனபோது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, முகம் கறுத்துவிட்டது. ஊரில் உள்ள நாவலையெல்லாம் கிழித்தவள், என் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

அவர் முதலிலிருந்து திருப்பி எழுதினார். இந்தத் தடவை மனைவியும் சந்திரனுக்குப் போனாள், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு. இறங்கியதும் அங்கே தண்ணீர் வசதி சரியில்லை என்று சண்டை பிடித்தாள். படித்துவிட்டு நல்லாருக்கு என்று மனசாரச் சொன்னேன். அனுப்பினார்.

பட்டணத்திலிருந்து பதில் வந்தது. கதை விறுவிறுப்பாக இருக்கிறதாம். ஆனால் பெண்டாட்டியோடு புறப்படும் வீரனை வாசகர்கள் ஏற்கமாட்டார்களாம். அவளை முதல் அத்தியாயத்திலேயே தீர்த்துவிட்டால் உடனே அச்சேற்றலாமாம். சத்தமாகப் படித்துக் காட்டினார்.

பழைய முதல் அத்தியாயம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. "அனுப்பிருங்க. காகிதத்துலதானே சாகப்போறேன்" என்றேன். அவர் ஆசை எனக்குத் தெரியாதா?

"சும்மா கெட" என்று அதட்டிவிட்டு, காகிதக் கட்டை டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வரி எழுதவில்லை. என்னை அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தால் எழுத்தாளராகியிருப்பார்.