கேட்டவர்க்கெல்லாம் பதில் சொன்ன சர்வர்

உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர் எப்படி உயிர் பெறும்? இந்தக் கேள்வி முதன்முதலில் காதில் விழுந்தபோது இதை எழுதுபவருக்கு விடை தெரியாது. ரீஸ்டார்ட்டுக்கும் தெரியாது. ஆனால் அவர் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

ரீஸ்டார்ட் என்பது டைப்பிங் பயிற்சி மையத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர். எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் "அணைச்சுப் போடுப்பா" என்பதுதான் அவருடைய முதல் வைத்தியம். பாதி நேரம் அது பலித்தும் விடும். மையத்தின் முதலாளி அவருடைய அக்கா வீட்டுக்காரர். ஆகவே வேலை கிடைத்தது அக்காவின் சிபாரிசில்; நிலைத்தது கம்ப்யூட்டர்களின் புண்ணியத்தில். தினம் ஏதாவதொன்று படுத்துக்கொள்ளும். அவரும் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டே இருப்பார். பார்க்கிறவர்களுக்கு, பாவம், மனிதர் உழைக்கிறார் என்று தோன்றும்.

அந்த வருடம் ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாக மண்டையைப் போட்டன. டைப்பிங் தேர்வு வேறு நெருங்கிவிட்டது.

"புதுசெல்லாம் வாங்க முடியாது. பரீட்சை அன்னிக்கு ஒரு மிஷின் வரலேன்னாலும் நீ வேற எடம் பாத்துக்க, மாப்ளே" என்றார் மாமா.

"டிஸ்க்கே வேணாம் மாமா. எல்லாத்துக்கும் பொதுவா ஒரே ஒரு சர்வர் கம்ப்யூட்டர் போதும். கேபிள் வழியா எல்லாம் எந்திரிச்சு வந்துரும்."

"கேபிள் வழியாவா? குழாயில தண்ணி வர்ற மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

அக்கா அவரைத் தனியே இழுத்துப்போனாள். "ஏன்டா, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"படிச்சுக்கிட்டிருக்கேன்கா."

"உனக்காக உங்க மாமாகிட்ட பேசிப் பேசி எனக்குப் பல்லே வலிக்குது."

"மையத்துக்குக் கீழதான் பல் டாக்டர் இருக்காரே, காட்டிக்க."

படித்தார். விஷயம் இதுதான். டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் கண் விழித்ததும் கேபிளில் கூவும்: 'யாராவது இருக்கீங்களா? எனக்கு ஒரு முகவரி கொடுங்க, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க.' சர்வர் பதில் சொன்னால் பிழைத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சர்வராக்கிச் சோதித்துப் பார்த்தார். கூவியது, பதிலும் வந்தது. ஆனால் சர்வருக்கு முன்னால் முந்திக்கொண்டு பதில் சொன்னது மாடிப்படியில் தொங்கிய இன்டர்நெட் பெட்டி. அதற்கு முகவரி கொடுக்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. திரை கறுப்பாகவே நின்றது.

அந்தப் பெட்டி கட்டடம் முழுவதற்கும் பொது. தேர்வுக்கு முந்தின நாள், டாக்டர் கிளினிக்கைப் பூட்டிப் போன பிறகு, ரீஸ்டார்ட் யாரையும் கேட்காமல் பெட்டியின் வாயை அடைத்தார். முகவரி கொடுக்கும் பொறுப்பைத் தன் சர்வரிடம் ஒப்படைத்தார். யார் கேட்டாலும் கொடு என்று உத்தரவும் போட்டார்.

மறுநாள் ஒரு மிஷின்கூடச் சண்டித்தனம் செய்யவில்லை. பிள்ளைகள் தட்டத் தொடங்கினார்கள். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாம் தானே செய்தது போல உலவினார். அப்போதுதான் கையுறையைக்கூடக் கழற்றாமல் டாக்டர் படியேறி வந்தார்.

"யாருய்யா இங்க கம்ப்யூட்டர் பாக்கறது? எக்ஸ்ரே பாக்கலாம்னு மிஷினைப் போட்டா 'உங்கள் தேர்வு எண்ணைத் தட்டவும்'ங்குது! பேஷன்ட் வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கார். அவர் என்ன டைப்பிங் பரீட்சை எழுதவா வந்திருக்கார்?"

ரீஸ்டார்ட்டுக்கு உடனே புரிந்துவிட்டது. கிளினிக் கம்ப்யூட்டரும் முதலில் கேபிளில் கூவிப் பார்த்துவிட்டுத்தான் தன் டிஸ்க்கைத் தேடும் ரகம். இத்தனை காலம் முகவரிக்கு மேல் எதுவும் சொல்ல ஆளில்லை. இன்று அவருடைய சர்வர் அதையும் பரீட்சைக்கு உட்கார வைத்துவிட்டது. சர்வரை நிறுத்தினாலோ மேலே அத்தனை திரையும் செத்துவிடும்.

மாமா முறைத்த முறைப்பில் வேலை ஏறக்குறையப் போய்விட்டது. ரீஸ்டார்ட் படியிறங்கி ஓடினார். கிளினிக்கின் கேபிளைப் பிடுங்கினார், மிஷினை அணைத்துப் போட்டார். எக்ஸ்ரே வந்தது. வாயை மூட முடியாத நோயாளி "ஆ" என்றார். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

தேர்வு முடிந்ததும், மையத்துக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் பதில் சொல்லும்படி சர்வரைத் திருத்தினார். கிளினிக்குக்கு அதன் கேபிளும் பெட்டியும் திரும்பக் கிடைத்தன. அதன்பின் எதுவுமே கெடவில்லை. தவழ வேண்டிய அவசியமில்லாமல் ரீஸ்டார்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுதான் மாமாவின் கண்ணை உறுத்தியது.

"மாப்ளே, எல்லாம் தானா ஓடுது. நீ என்ன பண்றே?"

"தானா ஓடற மாதிரி நான்தான் மாமா பண்ணி..."

"அதான் ஓடுதுல்ல? அப்புறம் நீ எதுக்கு? நாளையிலேருந்து வர வேணாம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணு ரெண்டையாவது கெட விட்டிருக்கக்கூடாதாடா, மக்கு!"

அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது டாக்டர்தான். அந்தக் கட்டடத்தில் ரீஸ்டார்ட்டின் வேலையால் அவஸ்தைப்பட்டது டாக்டர் ஒருவரே. அதனால் அப்படி ஒரு வேலை இருப்பது தெரிந்ததும் அவர் ஒருவருக்கே. "உன்னை வெளிய விட்டா இன்னும் யார் யார் மிஷின்ல போய் நிப்பியோ. இங்கயே என் கண் முன்னாடி இரு" என்றார்.

உங்கள் அலுவலகத்திலும் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், மூலையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருடைய முதலாளியின் காதுக்கு இந்தக் கதை போய்ச் சேர வேண்டும். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், அந்த முதலாளியிடம் துணிந்து பேசக்கூடிய யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.