விரியன் கடித்தவனும் நிறுத்தற்குறிகளும்

நர்சிங் முடித்த என் மகள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பாடத்தை ஒப்பிக்கிறேன் என்று புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் நிறுத்தற்குறிகளின் ஆங்கிலப் பெயர்கள், எதிரே ஜெர்மன் பெயர்கள். நான் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும், அவள் ஜெர்மனில் சொல்ல வேண்டும். "ஃபுல் ஸ்டாப்" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் "புங்க்ட்" என்று நானே சொல்லிவிட்டேன். அடுத்ததையும் சொன்னேன். அதற்கடுத்ததையும்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். பால் இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமும் இல்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு ஏலத்தோட்டத்தில் அப்பா கங்காணியாக இருந்தார். நான் போடியில் அத்தை வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தேன். காலாண்டு விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். பள்ளி திறந்ததும் நிறுத்தற்குறிகளில் டெஸ்ட் என்று டீச்சர் பயமுறுத்தி அனுப்பியிருந்ததால், ஏலச்செடிகளுக்கு நடுவே கமா, கோலன் என்று முணுமுணுத்தபடியே அலைந்தேன்.

ஒரு நாள் காலையில் மலைக்கு மேலிருந்து ஒரு வெள்ளைக்காரன் முதுகில் பெரிய பையோடு இறங்கி வந்தான். செம்பட்டைத் தாடி. அம்மா பால் விடாத கட்டன்காப்பி கொடுத்தாள். நெஞ்சைத் தொட்டு "ஜெர்மனி" என்றான். குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். போன கொஞ்ச நேரத்தில் கீழே பாதையிலிருந்து அலறல் கேட்டது. கல் குவியலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியிருக்கிறான். கணுக்காலுக்கு மேலே கடி. முதலில் ஓடிப்போன என் தாய்மாமா பாம்பையும் பார்த்துவிட்டார். கண்ணாடி விரியன்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஜீப் வராது. கம்பளியைக் கம்பில் கட்டி டோலியாக்கி, குரங்கணி வரைக்கும் ஆளைத் தோளில்தான் சுமக்க வேண்டும். அப்பாவும் மாமாவும் தோள் கொடுத்தார்கள். மாற்றாளாக இன்னும் இரண்டு பேர் கூட நடந்தார்கள். எங்கள் மலையில் பாம்பு கடித்தவரைத் தூங்க விடமாட்டார்கள். கண் மூடினால் விஷம் தலைக்கேறிவிடும் என்பார்கள். அதனால் டோலி தூக்குகிறவர்கள் வழியெல்லாம் கடிபட்டவரின் வாயைக் கிளறிக்கொண்டே போவார்கள். மாமியார் சண்டையைப் பற்றிக் கேட்பார்கள், வசவுகூட வாங்கிக்கொள்வார்கள், பதில் வராமல் விடமாட்டார்கள். இவனிடம் எந்த மாமியாரைப் பற்றிக் கேட்பது?

மாமா அவன் வாயில் பச்சை மிளகைத் திணித்தார். மென்றதும் அவன் கண்ணில் நீர் கொட்டியது.

"உறைக்குது மச்சான். விசம் இன்னும் ஏறலை. ஆனா கண்ணு சொக்குதே. புள்ளையக் கொண்டாங்க, அதுதான் இங்கிலீசு படிக்குதுல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். "ஆத்தா, டோலியை ஒட்டியே வா. வாயை மூடாமப் பேசு. அவன் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும், வெளங்குதா?"

என்னிடம் இருந்த ஆங்கிலம் முதல் இறக்கத்திலேயே தீர்ந்துபோனது. பெயர் கேட்டேன், சொன்னான். ஹவ் ஆர் யூ கேட்டேன், சிரிக்கப் பார்த்தான். அப்புறம் பசுவைப் பற்றிய கட்டுரையை முழுசாக ஒப்பித்தேன். பசு பால் தரும் என்பதற்கு அவன் என்ன பதில் சொல்ல முடியும்? இமை இறங்கியது.

வேறு வழியில்லாமல் அவன் முகத்துக்கு நேராகக் காற்றில் விரலால் ஒரு புள்ளி வைத்து, "ஃபுல் ஸ்டாப்" என்று கத்தினேன்.

கண் திறந்தது. என் விரலைப் பார்த்தான். "புங்க்ட்" என்றான்.

கமாவுக்குக் "கொம்மா" என்றான். கேள்விக்குறி வரைந்தேன். "ஃப்ராகெட்சைஷென்." என்ன சொல்கிறான் என்று முதலில் விளங்கவில்லை. தன் பாஷையில் சொல்கிறான் என்று புரிந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேற்கோள் குறியை இரண்டு பக்கமும் மேலே போட்டேன். தலையை அசைத்து மறுத்து, தொடங்குகிற குறியைக் கீழே இறக்கிக் காட்டினான். அவர்கள் ஊரில் அப்படித்தானாம். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவனுடைய பல்வரிசை ஓரமெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் பார்த்திருந்தார். நடையைக் கூட்டினார்.

குரங்கணியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஜீப்பில் பாதி லோடை அப்படியே விட்டுவிட்டு ஏறினோம். மூட்டைகளின் மேல் அவனைச் சாய்த்து, தலைமாட்டில் என்னை உட்காரவைத்தார்கள். மாமா அவன் காலைப் பிடித்துக்கொண்டார். கால் தொடைவரை வீங்கியிருந்தது. என் பாடம் அடைப்புக்குறியோடு முடிந்துபோயிருந்தது. மறுபடி முதலிலிருந்து கேட்டேன். இப்போது ஒவ்வொரு பதிலும் தாமதமாக வந்தது. நான் கேட்பதற்கும் அவன் சொல்வதற்கும் நடுவில் ஜீப் ஒரு வளைவைக் கடந்துவிடும்.

கோலனுக்குப் பதில் வரவில்லை. திரும்பக் கேட்டேன். வரவில்லை.

"நிறுத்தாத. கேளு," என்று முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார் அப்பா.

என்னால் முடியவில்லை. செத்துவிட்டான் என்று நினைத்து வாய்விட்டு அழ ஆரம்பித்தேன்.

அப்போது அவன் கை மேலே வந்தது. காற்றில் ஒரு புள்ளி வைத்தது, அதன் கீழே இன்னொன்று. பாதி திறந்த கண்ணால் என்னைப் பார்த்தான். "கோலன்" என்றேன் மூக்கை உறிஞ்சியபடி. இல்லை என்று தலையசைத்தான். எனக்குப் புரிந்தது, டோலியில் வரும்போது அவன் சொன்ன பெயரைக் கேட்கிறான். "டோப்பெல்புங்க்ட்." தலையை ஆட்டினான். அடுத்த குறியை வரைந்தான். நான் ஜெர்மனில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் உதட்டை மட்டும் அசைத்துத் திருத்தினான், திரும்பச் சொல்லவைத்தான். எனக்கு அழுகை எப்போது நின்றது என்றே தெரியாது.

"பாத்தீகளா மச்சான், சாகக் கிடக்கிறவன் வாத்தியாரு சோலி பாக்குறான்," என்றார் மாமா.

போடி ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும் வரைக்கும் பாடம் நடந்தது. ஊசி போட்டார்கள். மறுநாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான், நடக்கிறான் என்று பிறகு அப்பா கேட்டு வந்து சொன்னார். பள்ளி திறந்ததும், ஒரு வெள்ளைக்காரனைத் தூங்கவிடாமல் காப்பாற்றியது நான்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை. வீட்டிலும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

தாடியைப் பார்த்து அவனை அப்பா வயது ஆள் என்று நினைத்திருந்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் அவனுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். அந்த வயதில், பாஷை தெரியாத மலையில், பல்லில் ரத்தம் கசியக் கிடந்தவன் அந்தக் கையைத் தூக்கியது விழித்திருப்பதற்காக இல்லை. எதிரே ஒரு பிள்ளை பயந்து அழுதுகொண்டிருந்தது, அதற்காக.

அடுத்த மாதம் என் மகள் விமானம் ஏறுகிறாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, தினமும் பண்ணு என்று இப்போதே நச்சரிக்கிறேன். அவனுக்கும் இப்படி நச்சரிக்கிற ஒருத்தி எங்கோ இருந்திருப்பாள், மகன் எந்த ஜீப்பில் கிடக்கிறான் என்று தெரியாமல் அந்த நேரத்தில் எதையாவது சமைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்பது, குறிகளைச் சரியாகச் சொன்ன பெருமையில் இருந்த எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.