ஒடித்தார் என்பதற்கு நான் எழுதிய சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டில், ஞாயிறு காலைகளில் நான் பிறருக்கு மனு எழுதிக் கொடுத்து வந்தேன். கோட்டைப் பகுதியில் ஒரு வணிக நிறுவனத்தின் கடிதப் பிரிவில் எனக்கு எழுத்தர் வேலை. தாராவியிலிருந்து வருவோர் தங்கள் குறையைத் தமிழில் சொல்வார்கள். நான் அதை ஆங்கிலமாக்குவேன். கைம்மாறு பெறுவதில்லை. அதைத் தொண்டு என்றே அப்போது கருதியிருந்தேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை, ஆங்கிலச் சொற்களுக்கு நேரான தூய தமிழ்ச் சொற்களைப் பற்றி உரையாற்றும் பொறுப்பும் எனக்கு இருந்தது. அந்த மாதத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை திசை மாறுதலைக் குறிக்கும் சொற்கள். டர்ன் என்பது திரும்புதல். அதில் சிக்கல் இல்லை. வியர் என்பது செல்லும் திசையிலிருந்து சற்றே சாய்தல், காற்று திசை மாறுவதைப் போல. ஸ்வெர்வ் என்றால் எதிரே ஏதோ வந்துவிட்டதால் சட்டென ஒதுங்குதல். டைவர்ஜ் என்பதைக் கிளைத்துப் பிரிதல் என்று கொண்டேன். டைக்ரஸ் பேச்சுக்கு உரியது; எடுத்த பொருளை விட்டு அயலே செல்லுதல். டீவியேட் என்பதற்கு ‘நெறி வழுவுதல்’ என்று எழுதி, அதில் குற்றத்தின் சாயல் உண்டு என்று குறிப்பேட்டின் ஓரத்தில் சேர்த்திருந்தேன். ஆகவே, அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

உரைக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிறன்று, தென்காசிப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். வடாலாவில் ஒரு கிடங்கிலிருந்து செம்பூரில் உள்ள தொழிற்சாலைக்கு வெற்று மருந்துப் புட்டிகளை ஏற்றிச் செல்வது அவர் வேலை. இரண்டு நாள்களுக்கு முன் சயான் அருகே லாரி ஒரு சந்துக்குள் புகுந்து சுவரில் மோதி நின்றுவிட்டது. புட்டிகளில் பெரும்பகுதி நொறுங்கிப் போயிற்று.

“தண்ணிக் குடத்தோட ஒரு பொம்பள குறுக்க வந்துட்டா ஐயா. அந்த லோடுக்குப் பிரேக்கு போட்டா வண்டி நிக்காது. இடது பக்கம் சந்து இருந்துச்சு. படக்குன்னு ஒடிச்சேன். அவ பொழச்சா, பாட்டிலு பொழைக்கல.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் செம்பூர்த் தொழிற்சாலையின் மேலாளர் சிரிக்கவில்லை. வகுத்த வழியை விட்டுச் சந்துகளுக்குள் சென்று, சொந்தமாகச் சரக்கு ஏற்றிக் காசு பார்க்கும் ஓட்டுநர்கள் அந்நாளில் இருந்தார்கள். இவரும் அப்படித்தான் போனார் என்பது மேலாளரின் ஐயம். நடந்ததைத் திங்கட்கிழமைக்குள் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும், புதனன்று விசாரணை. ஓட்டுநரிடம் வேறு சான்று இல்லை. அந்தப் பெண் யார், எந்தச் சாலையைச் சேர்ந்தவள் என்பதும் அவருக்குத் தெரியாது. அந்தத் தாள் ஒன்றே அவருடைய வாய்.

நான் எழுதினேன். ஸ்வெர்வ் என்ற சொல் முதலில் வந்து நின்றது. அது குதிரைக்கும் பந்தாட்டத்துக்கும் உரிய சிறு சொல்லாகப் பட்டது. மேலாளர் படிக்கும் தாளுக்குப் போதிய கனம் அதில் இல்லை என்று எண்ணினேன். எங்கள் அலுவலகக் கடிதங்களின் நடையில், மிகுந்த பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன் என்று தொடங்கி, வகுத்த பாதையிலிருந்து நான் டீவியேட் ஆனேன் என்று முதல் வாக்கியத்தை முடித்தேன். குடத்துடன் அந்தப் பெண் மூன்றாம் பத்தியில்தான் வந்தாள். முழுவதையும் ஆங்கிலத்தில் ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். கோயிலில் வடமொழி அருச்சனையைக் கேட்பவரைப் போல அவர் கை கட்டி நின்று கேட்டார். தமிழில் பொருள் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. தமிழில் கையொப்பமிட்டு, தாளை மடிக்காமல் இரு கையிலும் ஏந்திப் போனார்.

வியாழன் மாலை மீண்டும் வந்தார். மேலாளர் முதல் வாக்கியத்தின் அடியில் சிவப்பு மையால் கோடிட்டு, மராத்தி எழுத்தர் ஒருவரைக் கொண்டு இந்தியில் பொருள் சொல்லச் செய்திருக்கிறார். நீயே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம். மூன்றாம் பத்திக்கு யாரும் போகவில்லை. இன்னும் ஏதேனும் எழுதித் தருவதானால் சனிக்கிழமைக்குள் தரலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“வழிய விட்டுப் போனேன்னு எழுதியிருக்காம்லா. நான் ஒடிச்சேன்னுதான ஐயா சொன்னேன்?”

மேசைமேல் இருந்த குறிப்பேட்டை மூடி வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைச் சங்கடத்திலிருந்து விடுவிப்பவர் போல, தணிந்த குரலில் கேட்டார்.

“ஒடிக்கிறதுக்கு இங்கிலீசுல வார்த்தையே கெடையாதோ?”

“சரியான சொல் இல்லை” என்றேன்.

“அதான பாத்தேன். இல்லாத வார்த்தைய நீங்க எங்கன போயி எடுப்பிய? நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதிய.”

மேற்கொண்டு எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. இல்லாத சொல்லை இன்னொரு முறை எழுதச் சொல்வதில் என்ன பயன்? வணங்கிவிட்டுப் படியிறங்கினார். சமையலறை வாயிலில் நின்றிருந்த என் மனைவி சற்று நேரம் கழித்துக் கேட்டாள்: “ஒரு வாரமா வீடு முழுக்க அந்த வார்த்தைகளைத்தானே சொல்லிக்கிட்டிருந்தீங்க?”

அன்றிரவே ஒரு கடிதம் எழுதினேன். டீவியேட் என்னும் சொல் அவருடையது அன்று, என்னுடையது. அவர் சொன்னதன் பொருள் இது என்று அரைப்பக்கம். அதில் ஸ்வெர்வ் இருந்தது. அவரிடம் கொடுத்து அனுப்பினால், யாரேனும் படித்துச் சொல்ல, அப்படியொரு சொல் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் நானே கொண்டுபோய் மேலாளரிடம் தருவதென்று முடிவு செய்தேன். வெள்ளியன்று அது சட்டைப்பையிலேயே இருந்தது. சனியன்று அலுவலகம் அரைநாள். மணியடித்ததும் நேரே புறப்பட்டிருக்க வேண்டும். நானோ உணவு விடுதியில் அமர்ந்து சாப்பிட்டு, காப்பியும் குடித்து, அதன் பிறகே ஆர்பர் லைன் மின்ரயிலில் ஏறிச் செம்பூரில் இறங்கினேன். மேலாளர் ஒரு மணிக்கே போய்விட்டதாகத் தொழிற்சாலைக் காவலாளி இந்தியில் சொன்னான். எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா என்றும் கேட்டான். வேண்டாம் என்றேன். திரும்பி நடக்கையில் என் நெஞ்சில் இருந்தது வருத்தம் அன்று, ஆறுதல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆறுதலை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் உரை நன்றாக அமைந்தது. ஸ்வெர்வ் என்பதை விளக்க எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. வேறொன்றும் நினைவுக்கு வராமல், விரைந்து வரும் லாரி, குறுக்கே குடத்துடன் ஒரு பெண், ஓட்டுநர் சட்டென ஒடிக்கிறார் என்று சொன்னேன். முன் வரிசையில் தலைகள் அசைந்தன. ‘ஒடித்தல்’ நல்ல சொல்லாட்சி என்று ஒருவர் எழுதிக்கொண்டார்.

ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்கவில்லை. வண்டியை மட்டும் பறித்து, அதே வடாலாக் கிடங்கில் சுமை தூக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இதை எனக்குச் சொன்னவர் தாராவியிலிருந்து மனு எழுத வந்த இன்னொருவர். ஆறேழு மாதம் கழித்து அலுவலக வேலையாக வடாலா போயிருந்தபோது அந்த ஓட்டுநரையே கண்டேன். தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, இன்னொருவர் ஓட்டி வந்த லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். நான் நழுவுவதற்குள் பார்த்துவிட்டார். வேலையை நிறுத்தி, உடனிருந்தவர்களிடம், “நமக்கு மனு எழுதித் தந்த ஐயா இவுகதான். பெரிய படிப்பாளி. துட்டு வாங்க மாட்டாக” என்றார். பிறகு என் கையைப் பற்றி எதிரே இருந்த கடைக்கு அழைத்துப் போய்த் தேநீர் வாங்கித் தந்தார்.

அந்தச் சொல் உண்டு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அவர் தம் மகன் ஓட்டுநர் உரிமத்துக்குப் பழகுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சூடு ஆறுவதற்குள் குடித்துவிடச் சொன்னார். குடித்தேன்.