கமலாட்சியின் பாதிக்குப் பாதி

கமலாட்சிக்குக் கணக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணக்குக்குத்தான் அவளைப் பிடிக்காமல் போயிற்று. பெக்கான் நானாஸ் ஊரில் படித்த காலத்தில் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் மற்றப் பாடங்கள் எல்லாம் கரையேற, கணிதம் மட்டும் அவளைக் கைவிட்டது. மறு வருஷமும் எழுதிப் பார்த்தாள். அதே கதைதான். அதற்குப் பிறகு ஜொகூர் பாருவில் மின்னணுத் தொழிற்சாலை வேலை, வீரமுத்துவோடு கல்யாணம், ஒரே மகள் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. மகள் இப்போது பினாங்கில் படிக்கிறாள்.

தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடர் இடம் ஒன்று காலியானது. யாருக்கும் அவளைவிட அந்த வேலை நன்றாகத் தெரியாது. ஆனால் கணிதத்தில் கிரெடிட் என்ற தரத்தில் தேறாதவர்களுக்கு அந்தப் பதவி கிடையாது என்றார்கள். கமலாட்சி வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. தனித் தேர்வராகப் பதிந்துவிட்டு, கணவரிடம் மட்டும் சொன்னாள். வீரமுத்து சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். சனிக்கிழமை மத்தியானங்களில் கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்கு அவரே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே பாடம் எடுத்த சாருமதிக்கு அவள் மகளைவிடச் சில வயதுதான் கூடுதல். ஆனாலும் கமலாட்சி வாய் நிறைய ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டாள். அல்ஜீப்ராவை முட்டி மோதித் தாண்டினாள். வரைபடம் கைக்கு வந்தது. நிகழ்தகவில்தான் வண்டி நின்றது. எதைக் கேட்டாலும் “பாதி டீச்சர்” என்பாள். நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. அப்படியானால் பாதிக்குப் பாதிதானே என்பது அவள் கட்சி. ஒரு நாள் அதற்கு வீட்டிலிருந்தே சாட்சி கொண்டுவந்தாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் யார் மங்கு, தட்டு கழுவுவது என்று அவளும் கணவரும் ஒரு சோயா பான போத்தலின் மூடியைச் சுண்டிப் பார்ப்பார்கள். மூடி மல்லாந்து விழும், இல்லை கவிழ்ந்து விழும். கேட்டபடி விழாதவர் கழுவ வேண்டும். இரண்டே வழிதான்.

சாருமதி சிரித்தபடியே கேட்டாள். “ரெண்டு விதமா விழும்னா சரிபாதியா விழும்னு யார் சொன்னா ஆன்ட்டி? போட்டுப் பாத்தீங்களா?”

வகுப்பிலிருந்த பிள்ளைகளும் லேசாகச் சிரித்தார்கள். கமலாட்சிக்குச் சுருக்கென்றது. காசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மூடி அப்படியா என்று சாருமதி விளக்கினாள். கையில் காரணம் இல்லாதபோது பலமுறை போட்டுப் பார்த்து, எத்தனைக்கு எத்தனை என்று பின்னமாக எழுத வேண்டும். அதற்குப் பெயர்தான் சார்பு நிகழ்வெண் என்றாள்.

அன்று சாயங்காலமே கமலாட்சி கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைச் சுண்ட ஆரம்பித்தாள். வீரமுத்துவுக்கு என்னவோ இருப்புக் கொள்ளவில்லை. தேர்வுக்கு மூடியா வரப்போகிறது, புத்தகத்தைப் படிக்கலாமே என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் விடை தள்ளாடியது. பத்தில் நான்கு மல்லாந்தது. அடுத்த பத்தில் ஒன்பது. இது ஆகிற காரியமில்லை என்று சலித்துக்கொண்டு சாருமதியைத் தொலைபேசியில் அழைத்தாள். கொஞ்சமாகப் போட்டால் அப்படித்தான் ஆடும், விடாமல் போடுங்கள், தானாக ஓரிடத்தில் நிற்கும் என்றாள் அவள். கமலாட்சி விடவில்லை. மறுநாளும் போட்டாள். போடப் போட அந்தப் பின்னம் மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கி, பத்துக்கு ஏழு என்ற கணக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. மூடி மல்லாந்து விழவே விரும்பியது. வருஷக்கணக்காகப் பிடிபடாமல் போக்குக் காட்டிய ஒன்று கடைசியில் கையில் வந்து உட்கார்ந்ததுபோல அவளுக்கு இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தாள்.

வீரமுத்து சமையலறையில் மங்கு கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அவர்தான் தோற்றிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூடியைச் சுண்டும்போதெல்லாம் அவர் கேட்பது ‘கவிழும்’ என்றுதான். ஒரு நாளாவது மாற்றிக் கேட்டதில்லை. பாவம், மனுஷனுக்கு ராசியில்லை என்று அவள் உச்சுக் கொட்டியதுதான் மிச்சம்.

எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றாள். “உங்களுக்கு இது தெரியும்தானே?”

அவர் குழாயை மூடினார். “எது?”

“மூடி எப்படி விழும்னு.”

“நீ நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்ற. கால் வீங்கிப் போய் வர்ற. நான் கழுவுறேன்னு சொன்னா ஒத்துக்குவியா? உங்க வேலை உங்களுக்கு, என் வேலை எனக்குன்னு சண்டைக்கு வருவ லா.”

“அதுக்காக என்னை ஏமாத்துவீங்களா?”

“ஏமாத்தினேன்தான்,” என்றார் வீரமுத்து, கையைத் துடைத்தபடி. “தோத்துத்தானே ஏமாத்தினேன்.”

கமலாட்சிக்குக் கோபப்பட வேண்டும் போலத்தான் இருந்தது. வரவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, கழுவி வைத்த மங்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து சுண்டிப் போடுகிற வழக்கம் நின்றது. அவர் கழுவ, அவள் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அன்றைய பாடத்தை அவருக்குச் சொன்னாள். நிகழ்தகவும் அப்படித்தான் அவளுக்கு வசமானது.

தேர்வு நெருங்கியபோது பழைய பயம் திரும்பி வந்தது. இரண்டு தரம் விழுந்தவள் மூன்றாம் தரமும் விழமாட்டாள் என்று என்ன நிச்சயம் என்று வகுப்பு முடிந்ததும் சாருமதியிடம் கேட்டாள். அந்த இரண்டு தரமும் எழுதியது பள்ளிக்கூடத்துப் பெண் கமலாட்சி, அவள் கணக்கை இவள் தலையில் ஏன் ஏற்ற வேண்டும் என்றாள் சாருமதி. அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதிவிட்டு வந்தாள்.

முடிவு வந்த நாளில் அவள் வேலையில் இருந்தாள். இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தாள். கணிதம், சி பிளஸ். கிரெடிட் கிடைத்துவிட்டது. கணவருக்கு ஒரே வரி அனுப்பினாள். வீரமுத்துவின் பஸ் அப்போது சிங்கப்பூர் பாலத்து நெரிசலில் நகராமல் நின்றிருந்தது. ஓட்டும்போது அவர் கைப்பேசியைத் தொடமாட்டார். முன் இருக்கையிலிருந்த அர்ச்சுனன் என்ற கப்பல் பட்டறைத் தொழிலாளியிடம் படிக்கச் சொன்னார். அவன் படித்தான். ஒரு தடவை போதவில்லை அவருக்கு. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, அதிகம் பேசாத அந்த மனிதர் இருக்கையில் திரும்பி, “என் சம்சாரம் கணக்குல பாஸ்” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அரைத் தூக்கத்திலிருந்தவர்கள் முதலில் விழித்தார்கள், பிறகு கைதட்டினார்கள்.

நேர்முகத் தேர்வு முடிந்து, கமலாட்சி லைன் லீடர் ஆனாள். ஆனதும் அவள் முதலில் கேட்டது, நின்றே வேலை செய்பவர்கள் முறைவைத்து உட்கார நாற்காலிகள். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. மீதிக்கு இன்னும் அலுவலகத்தை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.