முப்பது எண்ணும் கணக்கு

ராயபுரத்தில் தேவப்பிரியம் டீச்சர் என்றாலே பிள்ளைகளுக்கு ஒரே பயம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ஒன்பது வருஷமாக அந்தத் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு எடுப்பவர். கணக்கில் தப்பு செய்தால் அடியெல்லாம் கிடையாது. மணி அடிக்கும்வரை பெஞ்சு மேல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தன் கணக்கே ஒருநாள் தப்பாகும் என்று அந்த அம்மாள் கனவிலும் நினைத்ததில்லை. 1952-இல் அதுதான் நடந்தது.

வேகம் என்ற பாடத்துக்குப் புத்தகத்தில் குதிரைவண்டி படம் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் லைன் இருக்க, குதிரைவண்டி என்னத்துக்கு? டீச்சர் சொந்தமாக ஒரு கணக்குப் போட்டார். வேகன் அறுபது கஜ தூரத்தில் இருக்கிறது, நொடிக்கு இரண்டு கஜம் வருகிறது, உங்களிடம் வந்து சேர்வதற்குள் எத்தனை எண்ணலாம்? முப்பது என்று வகுப்பே கத்தியது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கு வரும் வழியில் அதே லைனைக் கடக்கப் போனார். அங்கே எஞ்சின் வேகன்களை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றுவிடும். தரை சரிவானதால் அவை சத்தமில்லாமல் தாமாகவே உருண்டு போகும். வேகன்களிலிருந்து சிந்திக் கிடக்கும் கரியைப் பொறுக்கித்தான் அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பு எரியும். தண்டவாளத்தின் நடுவே கூடையோடு குனிந்திருந்தாள் அவர் வகுப்புக் கெங்கம்மா. ஏறக்குறைய அறுபது கஜம் தள்ளி வேகன் வருவதை நிமிர்ந்து பார்த்தாள். நகரவில்லை. உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

டீச்சர் கத்துவதற்குள் வேகன் நெருங்கிவிட்டது. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வரதன்தான் பாய்ந்து, அவள் சடையைப் பிடித்து இழுத்துப் போட்டான். கூடை சக்கரத்தடியில் நசுங்கிப் போயிற்று. டீச்சர் ஓடிவந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிள்ளையை அடிக்கக் கை ஓங்கினார்.

"வண்டி வாரது தெரியலையா பிள்ளே?"

"தெர்ஞ்சுது டீச்சர். முப்பது எண்ணலாம்னு நீங்கதான சொன்னீங்க? இருவது வரிக்கும் பொறுக்கலாம்னு எண்ணிகினே இருந்தேன். பதினெட்டுக்கே வந்துட்ச்சி."

ஓங்கிய கை அப்படியே நின்றது. சரிவில் உருளுவது போகப்போக வேகம் பிடிக்கும் என்று படித்தவர்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார். அதைவிடக் கொடுமை, ஒன்பது வருஷமாக அவரும் 'மெதுவாகத்தானே வருகிறது' என்று அதே லைனைக் கடந்தவர்.

வகுப்புக்குப் போனதும் நீளப் பெஞ்சு ஒன்றின் ஒரு காலடியில் செங்கல் வைத்துச் சரித்தார். பலகைகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் கோலி உருண்டது. பிள்ளைகள் சீராகக் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கோலி இருந்த இடத்தில் கெங்கம்மா சாக்பீஸால் கோடு போட்டாள். பத்துப் பன்னிரண்டு தடவை உருட்டிய பிறகுதான் கோடுகள் ஒழுங்காக விழுந்தன. முதல் தட்டுக்கு ஒரு சாண். அடுத்ததற்கு மூன்று சாண். அதற்கடுத்ததில் ஐந்து சாண், பெஞ்சே முடிந்துவிட்டது.

கெங்கம்மா மறுபடியும் சாண் போட்டு அளந்து பார்த்தாள். "அப்போ நான் எண்ணுனது தப்பில்லியா டீச்சர்?"

"நீ சரியாத்தான் எண்ணியிருக்க. கணக்குதான் தப்பு. போட்டது நான்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்தார். முதல் வரிசைப் பெஞ்சு மேல் ஏறி நின்றார். மணி அடிக்கும்வரை இறங்கவில்லை.