தாமரை வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது

என் தம்பி மனைவி தாமரையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அந்தப் பெண்ணைப் பார்த்து முடித்துவைத்தது நான்தான் என்பதைத்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தாமரை பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. என் தம்பி சுகுமாறன் செலாயாங் பாசாரிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். சம்பந்தம் பேசியபோது கிள்ளானில் எங்கள் சொந்தக்காரக் கூட்டமே என் வீட்டு வாசலில் வந்து நின்று, கண் தெரியாத பெண்ணையா தம்பிக்குக் கட்டி வைக்கிறாய் என்று கேட்டது. கண் நன்றாகத் தெரிகிற நீங்களெல்லாம் இதுவரை என்ன கிழித்தீர்கள் என்று கேட்டேன். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அப்போதே தாமரை சம்பாதிக்கிறவள். பிரிக்பீல்ட்ஸில் தங்கி டெலிபோன் ஆப்பரேட்டர் வேலைக்குப் படித்து, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை பேசியவர் அடுத்த முறை 'ஹலோ' சொன்னால் போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். ஒரு வருடம் அந்தக் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இவள் ஒன்று கேட்டாள். ஸ்டோரில் இருந்தவர் மானிட்டரையும் தூக்கி வைத்தாராம். "எனக்கு எதுக்கு சார் அந்த டிவி?" என்று கேட்டிருக்கிறாள். சுகுமாறன் பெட்டியையும் கீபோர்டையும் மட்டும் லோரியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அந்தப் பெட்டியை வைத்தபோது பார்க்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாதிக் கம்ப்யூட்டர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேசையில் மானிட்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததால் சுகுமாறன் அங்கே ஒரு சரஸ்வதி படத்தைக் கொண்டுவந்து வைத்தான். அதனால் தாமரை வேலை செய்யும்போது பார்க்கிறவர்களுக்குச் சரஸ்வதிக்குக் கடிதம் அடிக்கிறாள் என்றுதான் தோன்றும்.

விஷயம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் எழுத்தாக வருவதையெல்லாம் படித்துச் சொல்லும் ஒரு புரோகிராம் உண்டு. அது ஹெட்போன் வழியாகத் தாமரையின் காதில் பேசும். எந்தச் சாவியைத் தட்டினாலும் சொல்லும், எந்தக் கடிதம் வந்தாலும் படிக்கும். ஒருநாள் என் காதில் மாட்டிவிட்டாள். தகரத்தில் வறுகடலையைக் கொட்டியது மாதிரி இருந்தது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அது பேசுகிற வேகத்தை அவள் அவ்வளவு கூட்டி வைத்திருந்தாள். மெதுவாகப் பேசினால் தூக்கம் வருகிறதாம். நான் கிள்ளானுக்குத் திரும்பி ஒரு வாரம் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்த வயிற்றெரிச்சல் நடந்தது. கம்பெனியில் போனை எடுக்க மெஷின் வைத்தார்கள். விற்பனைக்கு ஒன்றை அமுக்கு, கணக்குக்கு இரண்டை அமுக்கு என்று சொல்லுமே, அந்த மெஷின்தான். அதில் பேச ஒரு நல்ல குரல் வேண்டுமென்று தாமரையைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். அந்த மாதக் கடைசியில் இனி ஆப்பரேட்டர் வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் குரலை வைத்தே அவள் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். நான் கொதித்துப் போனேன். தாமரை என்ன சொன்னாள் தெரியுமா? நான் நன்றாகப் பேசினேன் அக்கா, ஒரே தடவையில் முடிந்துவிட்டது என்றாள்.

அவளுக்குக் கோபம் வராவிட்டால் என்ன, எனக்கு வரும். மனசு சரியில்லாத நாளெல்லாம் அந்தக் கம்பெனி நம்பரைச் சுழற்றுவேன். தாமரையின் குரல் வரவேற்கும். மனிதர்களிடம் பேசப் பூஜ்யத்தை அமுக்கு என்று சொல்லும். அமுக்கினால் எந்த மனிதனும் வந்ததில்லை. வராத மனிதனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைப்பேன்.

அதற்குப் பிறகு தாமரை வீட்டோடு இருந்தாள். மகள் ஷாமினியைப் படிக்க வைத்து ஆளாக்கினாள், அது இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன டைப் அடிக்க வேண்டுமென்றாலும் இந்தப் பாதிக் கம்ப்யூட்டரிடம்தான் வந்தார்கள், சிரித்தவர்கள் உட்பட. ஆனால் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் குரலைக் கேட்டு வா என்பார்கள், நேரில் பார்த்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஒருநாள் என்னிடம் மனசு விட்டுச் சொன்னாள்.

"எனக்கு வேலை வேணும்க்கா. பொழுது போகலன்னு இல்ல. நான் நல்லா செய்வேன், அதான்."

போன வருடம் அதற்கு ஒரு வழி பிறந்தது. கூட்டங்களில் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு எழுத்தில் அடித்துத் தருகிற வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். இப்போதெல்லாம் இதை மெஷினே செய்துவிடுமாம். ஆனால் நம் ஊர் ஆட்கள் ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கி, மலாய்க்குள் புகுந்து, இங்கிலீஷில் வந்து நிற்பார்களே, அங்கே மெஷின் திருதிருவென்று முழிக்கிறதாம். அதனால் ஆள் தேடினார்கள். ஒலிப்பதிவு ஒன்றை அனுப்புவோம், ஒரு மணி நேரத்தில் அடித்து அனுப்ப வேண்டும், அதுதான் பரீட்சை என்றார்கள். என்றைக்கு என்று அவர்கள் கேட்டதும் தாமரை காலண்டரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு விஜயதசமி காலை ஒன்பது மணி என்று சொல்லிவிட்டாள். தொடங்குகிற காரியம் துலங்குகிற நாள் ஆயிற்றே.

ஷாமினி கேள்விப்பட்டவுடன் சிங்கப்பூரிலிருந்து புது லேப்டாப் ஒன்றை அனுப்பி வைத்தது. தட்டு மாதிரி மெல்லிசு, சாவிகளெல்லாம் சப்பையாக இருந்தன. தாமரை நாலு நாள் தடவிப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். ஆனால் பரீட்சைக்குப் பழைய பெட்டிதான் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போவாங்களாக்கா?"

ஆயுத பூசை அன்று நான் சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். கீழே லோரி மணப்பெண்ணாட்டம் நின்றது. ஸ்பானர், ஜாக்கி, டயருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை என்று ஒன்று விடாமல் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தான் தம்பி. அதே கையோடு மேலே வந்து கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டான். வயர் ஒவ்வொன்றையும் பிடுங்கி, பெட்டியைத் துடைத்து, மாலை போட்டு, சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை மேலே வைத்தான். லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு வைத்தான். பிறகு வயர்களைத் திரும்பச் சொருகினான். தாமரை அடுப்படியில் இருந்தாள். பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை தீபம் காட்டுகிறவரை யாரும் தொடக்கூடாது. அவளும் தொடவில்லை.

மறுநாள் காலை தீபம் காட்டி, நெற்றியில் திருநீறு பூசி, தாமரை மேசையில் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறிவிட்டது.

பேசவில்லை என்றாள்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். பெட்டி ஓடுகிறது, ஆனால் சத்தம் இல்லை. ஏதாவது தெரிகிறதா என்று சுகுமாறன் குனிந்து பார்த்தான், நானும் பார்த்தேன். எங்கே பார்ப்பது? திரை இருந்தால்தானே. கண் இருக்கிற நாங்கள் இரண்டு பேரும் சரஸ்வதி படத்தையே வெறித்துக்கொண்டு நின்றோம். வீட்டிலேயே அப்போது உதவாக்கரைகள் நாங்கள்தான். கடிகாரம் ஒன்பதை நெருங்கிவிட்டது.

வேறு ஹெட்போனுக்கு ஓடலாமென்றால், கீழ்வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டியிருப்பதில் வயரே கிடையாது. இந்தக் காலத்தில் யார் காதில் வயர் இருக்கிறது? லேப்டாப்பில் செய்துவிடலாமே என்று சுகுமாறன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். தாமரை வேண்டாமென்று தலையாட்டினாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே. நேற்று என்னடா பண்ணித் தொலைத்தாய் என்று அவன்மேல் பாய்ந்தேன். தாமரை கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். பெட்டியை அணைத்தாள். காதிலிருந்து வயர் வழியாகவே விரலை ஓட்டிக்கொண்டு போய், பெட்டிக்குப் பின்னால் சொருகியிருந்த முனையைப் பிடுங்கினாள். விரல்நுனியால் தடவினாள். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

சந்தனம்.

லோரிக்குச் செய்கிற மாதிரியே செய்திருக்கிறான் மகாராசன். பிடுங்கிய வயர்களில் இந்த ஹெட்போன் வயரின் தலைக்கு மட்டும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஈரம் காய்வதற்குள் சொருகியிருக்கிறான். இரவோடு இரவாக உள்ளேயே காய்ந்து கல்லாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். ஐம்பது வயது ஆம்பிளை, வாங்கிக்கொண்டான்.

"இதுக்கு எதுக்குங்க பொட்டு?" என்று தாமரைதான் கேட்டாள்.

"அதுதானே உங்கிட்ட பேசுது" என்றான் அவன். "அதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?"

நான் அடுத்த குட்டுக்குத் தூக்கிய கையைக் கீழே போட்டேன். தாமரை முந்தானையால் முனையைத் துடைத்தாள். என்னிடம் பல்குத்தும் குச்சி கேட்டு, ஓட்டைக்குள் ஒட்டியிருந்ததைச் சுரண்டினாள், ஊதினாள், மறுபடி சுரண்டினாள். சொருகிப் பெட்டியைப் போட்டாள். வலது காதில் ஒன்றுமில்லை, இடது காதில் மட்டும் பேசியது. ஒரு காது போதும், நீங்கள் இரண்டு பேரும் வெளியே போங்கள், அக்கா நீங்கள் வாயையே திறக்காதீர்கள் என்றாள். நேரம் ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தது.

நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து சாவிகள் தட்டும் சத்தம் தகரக் கூரையில் மழை மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. சுகுமாறன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி தொடங்கியது. முடித்துவிட்டு அவள் வெளியே வந்தபோது ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். பேசியவர்களில் ஒருவர் சளி பிடித்தவர், மற்றபடி பரவாயில்லை என்றாள். பிறகு மூன்று பேரும் பழைய சுண்டலைச் சாப்பிட்டோம்.

பதில் உடனே வரவில்லை. தினமும் போன் போட்டுக் கேட்டேன், தினமும் இன்னும் இல்லை என்றாள். எனக்குப் பழைய சொல்லி அனுப்புகிறோம் எல்லாம் ஞாபகம் வந்து, அவர்களை எங்கே போய்த் திட்டுவது என்று யோசித்து வைத்திருந்தேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது தாமரையே கூப்பிட்டாள். வந்திருக்கு, நீங்களே கேளுங்கள் என்று சொல்லி ஹெட்போனைப் போனோடு சேர்த்து வைத்தாள். என்னமோ வேலை செய்தாள், அந்த வேகக்காரக் குரல் மெதுவாக, பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தது. இத்தனை வருடத்தில் எனக்காக முதல்முறையாக அதைக் குறைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அது போதுமானதாக இருந்தது. வேலை கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை தொடக்கம்.

"கேட்டுச்சாக்கா?"

கேட்டதம்மா, கேட்டது என்றேன். எண்ணெயில் கிடந்த முறுக்கு கருகிப்போயிற்று, போகட்டும். அவள் வைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, யாருக்காவது சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்தேன். விரல் தன்பாட்டுக்கு அந்தப் பெட்டாலிங் ஜெயா நம்பரைத்தான் அடித்தது.

வெல்கம், செலாமாட் டாத்தாங் என்றாள் தாமரை. சின்ன வயசுக் குரல், கணீரென்று இருந்தது. இத்தனை வருடமாக அந்த நம்பரை அடித்துத் திட்டத்தான் செய்திருக்கிறேன். அன்றைக்குத் திட்டவில்லை.

"தாமரை, ஒனக்கு வேலை கெடைச்சிருச்சும்மா" என்றேன்.

விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.