இடுக்கும் அறையும்

சுவருக்கும் நெல்மூட்டை அடுக்குக்கும் நடுவில், ஓர் ஆள் சரிந்து மட்டும் நுழையக்கூடிய இடத்தை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? தர்மபுரத்தில் எங்கள் வீட்டில் அதற்கு இடுக்கு என்று பெயர். மூட்டை சுவரில் முட்டினால் மாரியில் ஈரம் ஏறி நெல் பழுதாகிவிடும். அதனால் ஐயா அடுக்கும்போது அம்மா பக்கத்தில் நின்று அந்த இடைவெளியை விடவைப்பார். காற்றுக்காக விட்ட அந்த இடத்தில் நான் சாக்கு விரித்து, முழங்காலை மடித்து வைத்துப் புத்தகம் வாசித்தேன். வேறு எதுவும் அந்த வீட்டில் எனக்கென்று இருக்கவில்லை.

"உந்த இடுக்குக்குள்ள கிடந்து என்னடி செய்யிறாய்? வெளியில வா!" என்றுதான் அம்மா எப்போதும் கத்துவார்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பல்லிடுக்கு, விரலிடுக்கு, கதவிடுக்கு. இவற்றில் யாரும் குடியிருப்பதில்லை. சோற்றுப் பருக்கையோ சேலை நுனியோ போய் மாட்டிக்கொள்ளும், பிறகு யாராவது இழுத்து எடுப்பார்கள். என்னையும் அம்மா அப்படித்தான் இழுத்து எடுத்தார்.

யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த வருடம், ஐயாவின் தங்கை, என் மாமி, மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மச்சாளுக்கு என் வயதுதான். வந்த இரண்டாம் நாளே அவள் கைவிளக்கோடு என் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளை இழுத்து எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த அறுவடையில்தான் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அம்மா மூட்டைகளை வழக்கத்தைவிடத் தள்ளி அடுக்கச் சொன்னார். கதிரை ஒன்று வைக்கும் அளவுக்கு உள்ளே இடம் வந்தது. மூட்டைகள் வந்து நின்றது நான் பாய் போட்டுப் படுக்கும் இடத்தில். என் பாய் குசினியில் அடுப்புப் பக்கத்துக்குப் போனது.

"எணேய், இடுக்கு வளர்ந்திட்டுது," என்று ஐயா சிரித்தார்.

"சத்தம் போடாதேங்கோ. அறைக்குள்ள பிள்ளை படிக்குது," என்றார் அம்மா.

அறை! அதே சுவர், அதே சாக்கு, அதே எலிப் புழுக்கை. நான் எட்டிப் பார்த்தேன். மச்சாள் கதிரையில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாவன் மச்சாள். கதவில்லை, தட்டத் தேவையில்லை," என்றாள் என்னைப் பார்த்து.

நான் நேரே அம்மாவிடம் போனேன். "நான் இருந்தா இடுக்கு, அவள் இருந்தா அறையோ?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "அவள் வீட்டை விட்டிட்டு வந்த பிள்ளை. நீ வீட்டுக்குள்ள ஒளிச்சுக்கொண்டிருந்தனி. ரெண்டும் ஒண்டோ?"

நியாயமான பதில்தான். நியாயம் எரிச்சலைக் குறைப்பதில்லை. தகப்பனில்லாத பிள்ளை, வீடிழந்த பிள்ளை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்காக ஒரு மூட்டையாவது ஒரு விரற்கடை நகர்ந்ததா? இடத்தின் அளவைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். உள்ளே இருப்பவரை வைத்துத்தான் பெயர் வருகிறது.

இவ்வளவுக்கும் வவுனியா கம்பஸுக்குப் படிக்கப் போனது நான். மச்சாள் படிப்பை விட்டுக் கலியாணம் கட்டிப் பூநகரிக்குப் போய்விட்டாள். நேற்றுத்தான் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, சோதனைச்சாவடி வரிசையில் காய்ந்து, அங்கிருந்து வீட்டுக்கு வந்தேன். மச்சாளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நான் வந்த வீட்டில் அம்மா இல்லை; அவளைப் பார்க்கப் பூநகரிக்குப் போய் நிற்கிறார்.